கை அசையாமல் எழுத வராது

என்னால் ஒரு இடத்தில் உட்கார்ந்து படிக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இருபத்தாறு வயது ஆகிவிட்டது. அதுவரை எனக்குப் படிக்கவே வராது என்றுதான் நினைத்திருந்தேன். அதை வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், நான் ஏழாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்கிறாள். கரண்ட் பில், ஆஸ்பத்திரி சீட்டு, ரேஷன் கடை நோட்டீஸ், எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நாங்கள் இருக்கும் திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு பிளாக்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் வாங்கி மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பேன். இரண்டு மூன்று வார்த்தை கண்ணில் மாட்டும். மிச்சத்தை ஊகித்து, தைரியமாகச் சொல்லிவிடுவேன். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்காவை ஸ்கேன் எடுக்க ஒரு நாள் முன்னாடியே அனுப்பிவிட்டேன். கூட்டம் ஜாஸ்தி, நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க என்று அவளாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நானும் ஆமாம் போட்டேன்.

பன்னிரண்டாவதை மூன்று வருடம் எழுதித் தட்டுத்தடுமாறித் தாண்டியபின் எண்ணூர் போகும் சாலையில் ஒரு சரக்கு யார்டில் சேர்ந்தேன். சிக்னல்மேன் வேலை. கிரேன் ஓட்டுபவர் மேலே கேபினில் இருப்பார். இரும்புச் சுருளோ இயந்திரப் பெட்டியோ, சரக்கு கீழே எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கீழே நிற்கும் ஆள் கையால் காட்டுவான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டிப் பிடித்தால் அந்தப் பக்கம் திருப்பு. உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி அசைத்தால் நிறுத்து. ஐந்து வருடம் இதைத்தான் செய்தேன். காண்ட்ராக்ட் வேலைதான், ஆனால் இதில் நான் ஊகித்தது கிடையாது. ஊகித்தால் யாராவது நசுங்குவார்கள்.

போன வருடம் மழைக்கு முன்னால், அலுவலகத்து மேடம் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். ஆள் எடுப்பது, அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. கேமரா வைத்த புதுக் கிரேன் வருகிறது, தீபாவளிக்கு அப்புறம் சிக்னல்மேன்கள் தேவைப்படமாட்டார்கள் என்றார். ஒன்பது பேர் நின்றிருந்தோம். ஒருவருக்கு மட்டும் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை, நிரந்தரம். அதற்கு எழுத்துத் தேர்வு. ஒரு விபத்தைப் பற்றி இரண்டு பக்கம் கொடுப்பார்கள், படித்துப் பதில் எழுத வேண்டும். பிறகு அதையே ஒரு பக்க அறிக்கையாக எழுத வேண்டும். ஆறு வாரம் டைம்.

போகும்போது மேடம் ஒன்று சொன்னார். "படிக்கிறது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு எப்படி ஏறுதோ அப்படிப் படிங்க." அது தெரிந்துகொள்ள ஒரு லிங்க் அனுப்புவதாகவும் சொன்னார்.

எனக்குக் கை காட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றேன்.

லிங்கில் இருபது கேள்விகள் இருந்தன. தண்டையார்பேட்டையில் பஸ் நின்ற நேரத்தில் முடித்துவிட்டேன். புதிய இடத்துக்கு வழி தெரிய வேண்டுமானால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. வரைபடம் பார்ப்பேன், யாரையாவது கேட்பேன், நடந்து பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று மூன்று பதில். நான் வாழ்நாளில் வரைபடம் பார்த்துப் போனதில்லை. ஆனால் வரைபடத்தைத்தான் அழுத்தினேன். படித்தவன் அதைத்தான் செய்வான் என்று தோன்றியது. இருபது கேள்விக்கும் அப்படித்தான். பரீட்சை என்றால் சரியான பதில் ஒன்று எங்கோ இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாடம். என்னைப் பற்றிய கேள்வியிலும் மார்க் வாங்கப் பார்த்தேன். கடைசியில் ஒரு பெரிய கண் படம் வந்தது. நீங்கள் பார்த்துக் கற்பவர், வாழ்த்துகள் என்றது.

அதை அப்படியே நம்பினேன். சார்ட் அட்டையும் நாலு கலர் பேனாவும் வாங்கிவந்து, பழைய விபத்து அறிக்கைகளிலிருந்து வரிகளை எடுத்து எழுதிச் சுவர் முழுக்க ஒட்டினேன். கடல் காற்றில் பசை நிற்கவில்லை. காலையில் எழுந்தால் பாதி அட்டை தரையில் கிடக்கும். மறுபடி ஒட்டிவிட்டு எதிரில் நின்று பார்ப்பேன். பச்சை பச்சையாகத் தெரியும், சிவப்பு சிவப்பாகத் தெரியும். வேறொன்றும் நடக்காது.

அம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். "செவுத்தயே பாத்துகினு கீறியே, செவுரு இன்னாடா சொல்லுது?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் அந்த அட்டைகளுக்கு மேலேயே துணி காயப் போட்டாள்.

இரண்டாவது வாரம் காதால் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய்தேன். திரும்பத் திரும்பக் கேட்டால் மண்டையில் தங்கும் என்று எண்ணம். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் காதில் மாட்டிக்கொண்டு, கையில் அதே பக்கத்தை விரித்து வைத்துக் கேட்டேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. தடங்கல் இல்லை. ஆனால் காகிதத்தில் இருந்தது ஒன்று, நான் படித்தது ஒன்று. ஒரு இடத்தில் மூன்று வரியை அப்படியே தாண்டியிருந்தேன். 'பெல்ட் அணியாததால்' என்று இருந்ததை 'பெல்ட் அறுந்ததால்' என்று படித்திருந்தேன். இல்லாத ஒரு வாக்கியத்தையே நடுவில் சேர்த்திருந்தேன். அதுவும் எவ்வளவு நம்பிக்கையோடு.

பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை. பன்னிரண்டு வருடமாக எத்தனை பேர் வீட்டுக் காகிதத்தைப் படித்துச் சொல்லியிருப்பேன், யார் யாரை எங்கெங்கே அனுப்பியிருப்பேன் என்று ஒவ்வொரு முகமாக வந்தது. ஸ்கேனுக்குப் போன அக்கா தனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் என்ன கண்டுபிடித்தார்களோ.

அன்றைக்கு யார்டுக்குத் தாமதமாகத்தான் போனேன். கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. உள்ளே எங்கள் கிரேனில் ஏதோ கோளாறு, மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். சும்மா நிற்க முடியாமல் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு லாரி வரிசை ஓரமாக நடந்தேன். வாய்விட்டுப் படித்தேன், இந்தத் தடவை மெதுவாக. ஒரு வாக்கியம் முடிந்தால் நின்றேன். நின்று, இப்போது என்ன படித்தோம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். சொல்ல வந்தால் அடுத்த அடி. வராவிட்டால் அதே இடத்தில் மறுபடி. ஒரு லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா நைனா, நின்னு நின்னு போறியே, சிக்னல் வுழுந்துச்சா?" என்றார். கிளீனர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வரிசையின் கடைசி லாரியை அடைந்தபோது அந்தப் பக்கம் ஒரு வரிகூடத் தப்பாமல் எனக்குள் இருந்தது.

இரண்டு மூன்று நாளில் கையும் சேர்ந்துகொண்டது. நானாக ஆட்டவில்லை. வாக்கியம் தொடங்கும்போது விரல் தானாக மேலே சுழலும். எதைத் தூக்குகிறோம்? யார், எது என்று சொல்லிக்கொள்வேன். கை பக்கவாட்டில் நீளும். எங்கே போகிறது? பிறகு விரல் கீழே. என்ன ஆயிற்று? உள்ளங்கை தரைக்கு. நிறுத்து. சரக்கு தரையில் சரியாக உட்கார்ந்தால் கட்டித் தூக்கிய ஸ்லிங் வடம் தொய்யும், அப்போதுதான் கொக்கியைக் கழற்றலாம். வாக்கியமும் அப்படித்தான். உட்காராத வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்ததைத் தூக்கப் போனதுதான் இத்தனை வருடமாக நான் படித்த லட்சணம்.

நடந்தால் நூறு பக்கமும் படிக்கலாம் என்று இருந்தது. எழுதுவதுதான் பேஜாராக இருந்தது.

எழுதிப் பார்த்த முதல் அறிக்கையை எங்கள் கிரேன் ஆபரேட்டரிடம் படித்துக் காட்டினேன். ராயபுரத்துக்காரர், சர்ச் தெருப் பக்கம் வீடு, கேபின் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டிருப்பார். அஞ்சாவதோடு நின்றவர். ஐந்து வருடமும் அவர் மேலே, நான் கீழே. டீக்கடையில் நின்றபடி படித்தேன். "மேற்படி தினத்தன்று மேற்படி சரக்கானது மேற்படி இடத்தில் வைக்கப்படவிருந்த நிலையில் எதிர்பாராத விதமாக" என்று நான் தொடங்கியபோதே அவர் பஜ்ஜியைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

"மாமு, இப்ப ஏத்தணுமா, எறக்கணுமா?"

இது அறிக்கை, இப்படித்தான் எழுத வேண்டும் என்றேன்.

"கீழ நின்னு நீ கை காட்டுறப்ப எனக்கு ஒரு கொயப்பமும் வந்ததில்ல. பேப்பர்ல ஒரே நேரத்துல நாலு கை காட்டிகினு கீற. நானா இருந்தா எறக்கமாட்டேன், அப்படியே நிறுத்திருவேன்."

சொல்லிவிட்டு மிச்ச பஜ்ஜியைத் தின்றார். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் அன்று மத்தியானம் அந்தப் பேப்பரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதை யாரும் பின்பற்ற முடியாது, அவ்வளவுதான். கீழே நிற்கும்போது நான் அவரைப் பார்த்தபடியே இருப்பேன், அவருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று யோசிப்பேன். பேப்பரில் எழுதும்போது நான் யாரையும் பார்க்கவில்லை. படித்தவன் போலத் தெரிகிறேனா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மொட்டை மாடியில் எழுதினேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் நோட்டை வைத்து, நின்றபடி. முதலில் கை காட்டுவேன். காட்டியதை மட்டும் எழுதுவேன். ஒரு கைக்கு ஒரு வாக்கியம். இரண்டு கை வந்தால் அடித்துவிட்டு மறுபடி. துணி காயப்போட வந்த பெண்கள் பார்த்துவிட்டுப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். புள்ளை மாடியில் தனியாக நின்று காற்றில் கை ஆட்டுகிறான், தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக்கொண்டு வா என்று. அம்மா என்னிடம் நேராகக் கேட்டாள், கை எதற்கு ஆடுகிறது என்று. படிப்பதற்கு என்றேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். "அப்போ ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நாலாவது வாரம் புதுக் கிரேன் வந்தது, துண்டு துண்டாக, ஐந்து டிரெய்லரில். அதை இறக்கும் வேலை எங்கள் ஷிப்டுக்கு விழுந்தது. கேமரா கம்பத்தை நான்தான் கை காட்டி இறக்கினேன். கால் மணி நேரம் பிடித்தது. உடைத்துவிடாதே என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை சொன்னார். ஒரு கீறல் விழாமல் மரக்கட்டை மேல் உட்காரவைத்தேன். ஆபரேட்டர் மேலிருந்து இறங்கி வந்து அந்தக் கம்பத்தைத் தட்டிப் பார்த்தார். அவர் வேலை போகாது. என் வேலைதான் அந்தக் கம்பத்தின் உச்சியில் உட்கார வந்திருந்தது.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யார்டு கேன்டீனில். மேஜைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒன்பது பேரும் வந்திருந்தோம். என் பின்னால் உட்கார்ந்தவன் டிகிரி முடித்தவன், வியாசர்பாடிப் பையன். இந்த வேலை அவனுக்குத்தான் என்று மற்ற எட்டுப் பேருமே நினைத்திருந்தோம். மேடம்தான் மேற்பார்வை.

பெரிய ஆட்கள் பரீட்சை எழுதும் இடத்தில் கை ஆட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு படித்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது. முதல் கேள்விக்குப் பதில் தேடப் போனபோதுதான் விளங்கியது, ஒன்றும் முடியவில்லை. பழையபடி ஊகித்திருக்கிறேன். விபத்து நடந்தது காலையா மாலையா என்றே எனக்குத் தெரியவில்லை. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கையை வெளியே எடுத்தேன்.

முதலில் விரலை மட்டும் சுழற்றினேன். பிறகு அது எனக்கே மறந்துபோனது. விபத்தில் ஸ்லிங் அறுந்த இடத்துக்கு வந்தபோது கை தோள் வரை எழுந்திருக்க வேண்டும். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிக்னல்மேன்கள். நான் காட்டுவதை வாசிக்கத் தெரியாதவர் மேடம் ஒருவர்தான்.

அவர் வந்து என் பேப்பரை எடுத்துக்கொண்டார். யாருக்கு, எந்தக் கேள்விக்குக் கை காட்டினீர்கள் என்று கேட்டார். எழுந்து நின்றேன்.

"மேடம், ஆளுக்கு ஆள் மாறும்னு நீங்கதான் சொன்னீங்க. எனக்கு இப்படித்தான் ஏறுது."

அவர் என்னை நம்பவில்லை. நம்பாததிலும் தப்பில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பி, இவர் காட்டியதைப் பார்த்தது யார், என்ன காட்டினார் என்று கேட்டார். நான் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் மட்டும் பதில் காட்டினான் என்று சொன்னால் போதும், எட்டுப் பேருக்கு ஒரு ஆள் குறைவான். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

வியாசர்பாடிப் பையன்தான் பேசினான். "ஏத்து, திருப்பு, எறக்கு, நிறுத்து. அத்ததான் காட்டிகினு இருந்தான் மேடம். அதுல இன்னா பதிலு கீது?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, என் மேஜையையும் நாற்காலியையும் கடைசி வரிசைக்கும் பின்னால் கொண்டுபோய், சுவரைப் பார்த்துப் போடச் சொன்னார். என் கை யார் கண்ணிலும் படக் கூடாது. போன நேரம் போனதுதான், கூடுதலாகத் தரமாட்டேன் என்றார்.

சுண்ணாம்பு உரிந்த சுவர். அதைப் பார்த்துக் கை காட்டினேன், காட்டியதை எழுதினேன். கேள்விகளில் கடைசி இரண்டைத் தொடவே நேரமில்லை. அறிக்கை ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள், எனக்கு முக்கால் பக்கம்தான் வந்தது. அதில் 'மேற்படி' ஒன்றுகூடக் கிடையாது.

பதினைந்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். படித்துப் பதில் எழுதியதில் எனக்கு நான்காவது இடம். அறிக்கையில் முதலிடம். சூப்பர்வைசருக்கு அதுதான் முக்கியம் என்று எனக்கு வேலை கொடுத்தார்கள், ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம். எழுத வேண்டும் என்று தினமும் சுவர் பக்கம் திரும்பி உட்காராதீர்கள் என்றார் மேடம். அப்போது சிரித்தார்.

வியாசர்பாடிப் பையன் மணலியில் டேங்கர் லாரிகளுக்குச் சீட்டுப் போடும் வேலைக்குப் போய்விட்டான். அவன் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அவனுடையது. போனில் இதைச் சொன்னபோது, விடுடா, நீ காட்டினது நிறுத்துதானே, நான் இன்னா பொய்யா சொன்னேன் என்றான். அதற்குமேல் அவனை அந்தப் பேச்சு பேசவைக்க முடியவில்லை. எனக்கு இன்னும் அது அடங்கவில்லை.

சூப்பர்வைசராக என் முதல் காலை ஷிப்டில், ஆறாவது வரிசையில் ஒரு கன்டெய்னரின் மூலைக் கம்பத்தில் விரிசல் இருந்ததைப் பார்த்தேன். மேலே வேறு பெட்டி அடுக்கினால் மடங்கிவிடும். புதுக் கிரேனில் கேமரா இருந்தது, ஆனால் அந்த விரிசல் கேமராவுக்குத் தெரியாத பக்கம். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும், அடுத்த சூப்பர்வைசருக்கு எழுதி வைக்க வேண்டும். ஏசி போட்ட கேபினில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன். கதவைச் சாத்திவிட்டு நின்றபடி கை காட்டிப் பார்த்தேன். நாலு வாக்கியம் வந்தது. நாலையும் எழுதினேன்.

அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் இதற்குமுன் என்னோடு பேசியதே இல்லை. உள்ளே வந்தார், நோட்டைத் திருப்பிப் படித்தார். வாயால் சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார்.

என் ஷிப்ட் முடிந்துவிட்டது, கிளம்பியிருக்கலாம். கிளம்ப முடியவில்லை. ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன். அவர் மூன்றாவது வரிசையைத் தாண்டினார், நான்கைத் தாண்டினார். ஆறாவது வரிசையில் திரும்பி, சரியாக அந்தப் பெட்டியின் முன்னால் போய்க் குனிந்தார்.